ஆமென் சொன்ன பிறகு

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறைவதற்குள் பால் வாங்கி வந்து, வாசலில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் துடைப்பத்தால் தெருப் பக்கம் தள்ளிவிட்டேன். ஸ்டெல்லா தக்காளி சாதம் கட்டிக் கொடுத்தாள். மாலையில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்பதால் வரும்போது சுக்குக் காபிப் பொடியும் பேப்பர் கப்பும் மறக்காமல் வாங்கி வரச் சொன்னாள். ஆவடியில் வழக்கமான ரயிலைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கினேன். எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸைத் திறந்து, முந்தைய நாள் வந்த போல்ட் பெட்டிகளை அளவுவாரியாக ரேக்கில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வேப்பம்பட்டில் இருக்கும் ஒரு காப்பகத்திலிருந்து.

"சார், பில்டிங் ஓனர் காலி பண்ணச் சொல்ட்டாரு. கீற ஆளுங்கள எல்லாம் அவங்கவங்க வூட்டுக்கு அனுப்பிக்கினு கீறோம். உங்க ஆளு ஒருத்தர் கீறாரு. சாயங்காலத்துக்குள்ள வந்து இட்டுகினு போய்டுங்க."

"அவருக்கு வீடு கிடையாதேப்பா."

"சேக்கும்போது உங்க நம்பர்தான் சார் குட்த்துகீது."

உண்மைதான். சபைச் செயலர் என்ற முறையில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். மேலாளரிடம் அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே இருந்தவன், சபையில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட ஒருவரின் தம்பி. நாற்பதைக் கடந்தவன். மூளை வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு நின்றுவிட்டது. பேச்சு வராது. உடம்பில் மட்டும் இரண்டு ஆள் பலம். சபையில் அவனைவிடச் சிறியவர்களும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள், அக்கா அப்படிக் கூப்பிட்டதால். அக்கா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சபையில் பெயர் சொல்லி நன்றி கூறினாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி ராணுவத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் பட்டாபிராம் போகும் வழியில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்தார்கள். பெற்றோர் போனபிறகு அதில் அக்காவும் தம்பியும்தான். அம்பத்தூரில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பது அக்காவின் வேலை. குள்ளம். இறுக்கிப் பின்னிய முடி. குனிந்து தைத்துத் தைத்து இடது தோள் சற்று இறங்கியிருக்கும். ஆவடிக்கு வந்து எத்தனையோ காலமாகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை.

எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டில் நடக்கும். பாட்டு, பாஸ்டரின் சிறு செய்தி, பிறகு ஜெபக் குறிப்புகள். ஒவ்வொருவரும் தங்கள் தேவையைச் சொல்ல, எல்லோரும் கண்ணை மூடி அதற்காக வேண்டிக்கொள்வோம். அக்கா மட்டும் கண்ணை மூடமாட்டார். பாஸ்டர் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

"மூடிட்டா யாருக்கு என்ன வேணும்னு எப்படித் தெரியும் பாஸ்டர்? கர்த்தருக்குத் தெரியும். எனக்குத் தெரியண்டாமா?" என்றார் அக்கா.

அவருடைய முறை வந்தால் இரண்டே வரி ஜெபிப்பார். ஆமென் சொன்ன கையோடு எழுந்துவிடுவார். கூடவே தம்பியும் எழுவான். மற்றவர்கள் காபிக்காகக் காத்திருக்கும்போது இவர்கள் இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். "ஆமென்னு சொன்ன பொறவு உக்காந்திருக்கப்பிடாது. நாம கேட்டுட்டோம்லா. இனி கொண்டுபோய்க் குடுக்கணும்" என்பார். அதுதான் அவர் வழக்கம். ஒருவர் ஜெபக் குறிப்பு சொன்னால், அது ஆண்டவர் காதில் விழுவதற்கு முன்பு தன் காதில் விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார். தன்னிடம் இருப்பதைக் கொடுத்துப் பார்த்து, அதற்கு மேல் இல்லை என்றான பிறகுதான் அந்தக் காரியத்துக்காக மறுபடி ஜெபிப்பார். சுமையைத் தூக்குவது தம்பியின் வேலை. ஆமென் என்ற சொல் தம்பிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தந்தது. எழுந்து, தூக்கவேண்டியதைத் தூக்கவேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பெரியவருக்காக ஜெபித்தோம். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவர் மனைவிக்குத் தெம்பில்லை. அந்த அம்மாவுக்கு ஆண்டவர் பெலன் தரவேண்டும் என்று எல்லோரும் உருக்கமாக வேண்டினோம். மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் அக்கா தம்பியோடு அந்த வீட்டுக்குப் போய்விட்டார். தம்பி பெரியவரைக் குழந்தையைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அக்கா உடம்பைத் துடைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, துணி மாற்றினார். பெரியவர் இறக்கும்வரை ஒரு நாளும் தவறவில்லை. "பெலன் கேட்டோம்லா. பெலன் தம்பிட்ட கெடக்கு. அதுக்கு ஏன் மேல பாத்துட்டு இருக்கணும்?" என்றார்.

இதனால் அக்காவை எல்லோரும் கொண்டாடினோம் என்று நினைத்தால் தவறு. அவர் இருக்கும்போது தேவையைச் சொல்லவே ஆட்கள் கூசினார்கள். சபையில் டேனியல் என்று ஒருவர். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். திருமுல்லைவாயலிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சத்தமாகவே கேலி செய்வார்.

"யம்மா, அக்கா கீது, பாத்துப் பேசு. வூட்ல உப்பு இல்லன்னு வாய் தவறிச் சொல்லிராத. காலைல கதவத் தொறந்தா உப்பு மூட்டையோட தம்பி நிப்பாரு."

பிறகு சிலர் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். "வெளியே சொல்லமுடியாத ஒரு காரியம், அதற்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் அப்படி மூன்று பேர் வரிசையாகச் சொன்னதும் அக்கா பொறுமை இழந்தார்.

"என்னய்யா, எல்லாரும் சொல்லமுடியாததாவே சொல்லுதீய. நான் எதத் தூக்கிட்டு வர?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

என் மனைவிக்கு மட்டும் அவர்மேல் ஒரு கோபம் உண்டு. அது நியாயமான கோபம் என்று எனக்கும் தோன்றியது. அக்கா வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிய நேரத்தில் கேஸ் தீர்ந்துவிட்டது. அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஆறுதலுக்காக ஜெபித்துவிட்டு, மேலே வந்து தன் சிலிண்டரைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்து இறக்கிவிட்டார். காரியம் முடியும்வரை திருப்பிக் கேட்கவில்லை. அத்தனை நாளும் அக்காவும் தம்பியும் பன்னும் வாழைப்பழமும் ஊறவைத்த அவலும்தான் தின்றார்கள். தற்செயலாக அங்கே போன ஸ்டெல்லா, தம்பி வெறும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டாள்.

"நீங்க பட்டினி கிடங்க, அது உங்க இஷ்டம். அவன் வாயில்லாதவன்க்கா. வேணும்னும் சொல்லமாட்டான், வேணாம்னும் சொல்லமாட்டான். அவன் சோத்தை எடுத்துக் குடுக்க உங்களுக்கு யார் உரிமை குடுத்தா?"

"அவனுக்கும் ஒரு பங்கு இருக்கட்டுமேன்னுதான்" என்றார் அக்கா. "குடுக்குறதுல."

"அது அவன் சொல்லணும்" என்றாள் ஸ்டெல்லா. அன்றைக்கே குழம்பும் சோறும் செய்து எடுத்துப் போனாள். அதன்பிறகு சில மாதங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

தனக்கென்று அக்கா ஒரு ஜெபக் குறிப்பும் சொன்னதில்லை. "உங்களுக்கு ஏதாவது இருக்கா?" என்று பாஸ்டர் ஒவ்வொரு வாரமும் கேட்பார். "ஸ்தோத்திரம் மட்டும்தான்" என்பார். காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் கணக்கில் ஜெபிக்கச் சொல்வதும் கொடுக்கச் சொல்வதும் ஒன்று. அவர் யாரிடமும் எதையும் கேட்கிறவர் அல்ல.

இரைப்பையில் கட்டி என்று தெரிந்த பிறகும் அவர் ஸ்தோத்திரம் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இளைத்துக்கொண்டே போனார். ஆமென் சொன்னதும் எழ முடியாமல் தம்பியின் தோளைப் பிடித்து எழுந்தார். அப்போதும் கையில் யாருக்காவது ஏதாவது இருந்தது. வேலையை விட்ட பிறகு, வீட்டிலிருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வேறு வீடுகளுக்குப் போயின.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டம் பாஸ்டர் வீட்டில் நடந்தது. வழக்கம்போல் பாஸ்டர் கேட்டார். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணு இருக்கு" என்றார். "தம்பிக்காவ ஜெபிக்கணும். எனக்கு இனி ரொம்ப நாள் இல்ல. அவன் ஒரு வீட்ல இருக்கணும். வீட்ல. அம்புட்டுத்தான்."

அறையில் இருந்த பெண்கள் அழுதுவிட்டார்கள். பாஸ்டர் முழங்காலில் நின்றார். எல்லோரும் நின்றோம். அவ்வளவு நீண்ட ஜெபம் எங்கள் கூட்டத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணீரோடு, தம்பியைக் கைவிடாதேயும், அவனுக்கு ஒரு வாசலைத் திறந்தருளும் என்று மன்றாடினார்கள். அக்கா ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் ஒருமுறை கண்ணைத் திறந்தபோது, அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவசரமில்லாமல், துணியில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

பாஸ்டர் முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். தம்பி எழுந்தான். வேறு யாரும் எழவில்லை. காபி வந்தது.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "வா தம்பி" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரம் பாஸ்டர் கேட்டபோது, "ஸ்தோத்திரம்" என்றார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து சில நாளில் பாஸ்டர் அலைந்து திரிந்து, தெரிந்த ஒருவர் மூலம் வேப்பம்பட்டில் அந்தக் காப்பகத்தைக் கண்டுபிடித்தார். டேனியலின் வண்டியில் தம்பியைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்த ஞாயிறு ஆராதனையில் அது ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று அறிவிக்கப்பட்டது. சபை முழுவதும் கைதட்டியது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக்கும் ஒரு சட்டையும் எடுத்துக்கொண்டு போய் வாசலறையில் வைத்துப் பார்த்துவிட்டு வருவோம். உள்ளே விடமாட்டார்கள். சுத்தமாகச் சவரம் செய்து, தலைவாரி அழைத்து வருவார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்திருப்பான். வயதாகிறது என்று சொல்லிக்கொள்வோம்.

இன்று பிற்பகல் நான் போனபோது சவரம் செய்யப்படவில்லை. வெளிக் கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் பையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற அறைகள் ஏற்கெனவே காலியாகியிருந்தன. கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தேன். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆவடியில் இறங்கி, மறக்காமல் சுக்குக் காபிப் பொடியும் கப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்று உள்ளே போய்ச் சாதம் போட்டுக்கொண்டு வந்தாள். தட்டு கீழே வைக்கப்படுவதற்குள் அவன் கை அதற்குள் போய்விட்டது.

மாலைக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். தம்பியைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். பாஸ்டர் யோசித்துவிட்டு, காட்டுப்பாக்கத்தில் இன்னொரு காப்பகம் இருப்பதாகவும், அங்கே தெரிந்தவர் இருப்பதாகவும் சொல்லி, வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார்.

"காலையில கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. ஆண்டவர் உடனே வழி திறந்துட்டார்."

"நான் ஒம்போது மணிக்கா வண்டி எட்துகினு வந்துர்றேன் அண்ணே" என்றார் டேனியல் என்னிடம். "நீங்க ரெடி பண்ணி வையுங்க. வுட்டுட்டு அப்டியே உங்கள அம்பத்தூர்ல எறக்கிர்றேன்."

பிறகு ஜெபித்தோம். தம்பியை நடுவில் உட்காரவைத்து, பாஸ்டர் அவன் தலையில் கை வைத்தார். புதிய இடத்தில் அவனுக்கு நல்ல பராமரிப்புக் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

தம்பி எழுந்தான். ரயிலிலும் சாப்பாட்டிலும் இல்லாத ஒரு சுறுசுறுப்பு அவனிடம் வந்தது. சுற்றிலும் தேடினான். நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தான். ஒவ்வொருவர் கையாகப் பார்த்தான். கடைசியில், சுவரோரம் இருந்த பாஸ்டரின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

"இன்னா நைனா, பாஸ்டர் பைய மாட்டிகினு எங்க கெளம்பிட்ட?" என்று டேனியல் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவன் எங்கள் பக்கம் திரும்பி, யார் வீட்டுக்கு என்று கேட்பதுபோல் நின்றுகொண்டிருந்தான். பாஸ்டர் மெல்லப் போய்ப் பையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

காபி கொடுத்தோம். இன்று யாரும் நின்று பேசவில்லை. நாற்காலிகளை அடுக்கிவிட்டு, கூடத்தில் தம்பிக்குப் பாய் விரித்தேன். அறைக் கதவைச் சாத்தும்போது ஸ்டெல்லா கேட்டாள்.

"காட்டுப்பாக்கத்து இடம் எப்படின்னு யாராவது போய்ப் பாத்திருக்காங்களா?"

"பாஸ்டருக்குத் தெரிஞ்சவர் இருக்கார்."

"வேப்பம்பட்டுலயும் தெரிஞ்சவர் இருந்தார்" என்றாள்.

புதன்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகத் தம்பியைக் குளிக்கவைத்தேன். பாயையும் உடுத்தியிருந்ததையும் நனைத்திருந்தான். வெந்நீர் போட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, தலையிலிருந்து ஊற்றினேன். அழுக்கு மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. கால் கழுவும்போதுதான் பார்த்தேன். இரண்டு கணுக்காலிலும் வளையம் போட்டதுபோல் தோல் கறுத்துத் தடித்துப்போயிருந்தது. ஓரிடத்தில் இன்னும் ஆறாத புண். முதலில் ஏதோ சருமநோய் என்று நினைத்தேன்.

துவட்டி, என் லுங்கியையும் சட்டையையும் உடுத்திக் கூடத்துக்கு அழைத்து வந்தேன். அவனாகவே போய் ஜன்னல் அருகே தரையில் உட்கார்ந்தான். கம்பிப் பக்கம் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டி, கணுக்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி வைத்துக்கொண்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் காத்திருந்தான்.

ஸ்டெல்லா டீயோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவனுடைய கால்களைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்த என் போனை எடுத்து டேனியலைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் அக்கா பேசறேன். வண்டி வேணாம்ப்பா." எதிர்முனையில் ஏதோ கேட்டார். "இல்ல, நாளைக்கும் வேணாம். வர்றதுனா புண்ணுக்குப் போடுற மருந்து வாங்கிட்டு வா."